எங்கள் வீட்டுச் சிக்கனச் சித்தப்பா

என் அண்ணி ஒரே ஆள்தான். ஆனால் வியாழக்கிழமை தோறும் பெட்டிக்கடைகளில் நாலு ஆளாகத் தொங்குவாள்.

முப்பத்திரண்டு பக்க வார இதழ் அது. நாலாம் பக்கத்தில் அரசியல்வாதிகளைக் கிழித்துத் தொங்கவிடுபவர் ‘கறுப்புக்குடை’. பதினோராம் பக்கத்தில், சேமிப்பது எப்படி, கடனில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி, உயில் எழுதுவது எப்படி என்று வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்பவர் ‘சிக்கனச் சித்தப்பா’. பத்தொன்பதாம் பக்கத்தில் செல்போன், கணினி, செயலி என எதைக் கொடுத்தாலும் பிரித்து மேய்பவர் ‘பொத்தான்’. இருபத்தாறில் புத்தகம் போடுகிறவர்களின் வண்டவாளத்தை வாராவாரம் தண்டவாளம் ஏற்றுபவர் ‘பின்னட்டை’.

இந்த நாலு பேருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. இனிமேல் எல்லாம் மின்புத்தகம்தான் என்று பொத்தான் ஒருமுறை எழுதினார். அடுத்த வாரமே பின்னட்டை, ‘எங்கள் வீட்டு அலமாரிக்கு ஒரு கால் குட்டை. முட்டுக்கொடுக்கக் கனமான மின்புத்தகம் ஒன்று இருந்தால் பொத்தான் அனுப்பிவைக்கவும்’ என்று போட்டார். கறுப்புக்குடை பட்ஜெட்டைப் பற்றி எழுதினால், ‘கூட்டல் கழித்தல் எல்லாம் என் பக்கத்து வேலை, குடையை மடக்கிக்கொண்டு போகவும்’ என்று சித்தப்பா சீறுவார். வாசகர்கள் கட்சி பிரிந்து கடிதம் எழுதுவார்கள். அடேயப்பா, என்ன சூடு! அந்த நாலு பேரும் ஒரே நாற்காலியில், காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, கொண்டையில் பென்சிலைச் செருகியிருக்கும் ஒரே பொம்பளை என்பது உலகத்தில் எண்ணி நாலு பேருக்குத்தான் தெரியும். அதில் நான் ஒருத்தி. அவளுக்கு நாத்தனார்.

பத்திரிகை ஆசிரியருக்கு நான் வைத்திருக்கும் பெயர் காற்புள்ளி. எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்ணி வேலை கேட்டுப் போனபோது, “அரசியல் எழுதறவர் நின்னுட்டார், அதனால, அப்புறம் பணம் பத்தி எழுதறவரும் கோவிச்சுக்கிட்டு, இப்ப என்னன்னா,” என்று இழுத்திருக்கிறார். இவர் முடிப்பதற்குள் தான் ஓய்வு பெறும் வயது வந்துவிடும் என்று பயந்து, “நாலு பக்கத்தையும் நானே எழுதறேன் சார்,” என்று அண்ணியே முடித்துவைத்தாள். ஒரே பெயரில் நாலு பக்கம் வந்தால் பத்திரிகை ஏழையாகத் தெரியுமே என்று நாலு பெயர்களையும் அவளே வைத்தாள். மெத்தைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அலுவலகம். மேசை ஆறு, ஆள் மூன்று.

அதற்கு முன்னால் அண்ணி இருந்தது ஒரு அச்சகத்தில். தேர்தல் வந்தால் இரண்டு கட்சி நோட்டீசும் அங்கேதான் அச்சாகும். இரண்டையும் எழுதிக் கொடுத்தவள் இவள். காலையில் ஒரு கட்சியை நார்நாராகக் கிழிப்பாள். மத்தியானம் சாப்பிட்டு வந்து அதற்குப் பதிலடி எழுதுவாள். ‘எதிராளி இவ்வளவு நல்லாத் திட்டறானே, எவன் எழுதிக் குடுக்கறான்?’ என்று இரண்டு கட்சிக்காரர்களும் அவளிடமே வந்து விசாரித்தார்களாம். இவளும் முகத்தைப் பாவம்போல் வைத்துக்கொண்டு, “தெரியலையே சார்,” என்றாளாம். அங்கே தேறிய வித்தை இது.

என் வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். எழுத்து அட்டைக்கு முன்னால் ஆளை உட்காரவைத்து, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று நாள் முழுக்கக் கேட்பது. சித்தப்பா வேஷத்துக்கு வேண்டும் என்று அண்ணி கேட்டாள் என்று கடையில் விற்காமல் கிடந்த தடித்த ஃபிரேம் ஒன்றில் பவர் இல்லாத கண்ணாடியைப் போட்டுக் கொடுத்தேன். அதை மாட்டினால்தான் அவளுக்குச் சித்தப்பா வருவார். மாட்டிய உடனே குரல் இறங்கி, தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டு, “ஏம்ப்பா, சம்பளம் வந்த அன்னைக்கே செலவு பண்ணா, மிச்ச இருபத்தொன்பது நாளைக்கு என்ன பண்ணப் போறே?” என்று சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டே எழுதுவாள். அம்மா காதில் விழாமலிருக்க இதெல்லாம் என் மாடி அறையில்தான், நான் கட்டிலில் உருண்டு உருண்டு சிரிப்பேன்.

ஆமாம், மாடி அறை என்னுடையது. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கல்யாணம் முறிந்து இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியபோது அம்மா ஒன்றும் கேட்காமல் அந்த அறையின் சாவியைக் கையில் கொடுத்தாள். வீடு அம்மாவுடையது, அவள் சம்பாதித்துக் கட்டியது. கீழே அம்மாவும் அண்ணனும் அண்ணியும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மேலே, கீழே என்பதைத் தாண்டி அவனுக்கு எதிலும் கருத்து கிடையாது. எனக்கு இந்த அறையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

இப்போது அம்மாவைச் சொல்ல வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாற்பது வருஷம் வேலை பார்த்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள். “ஒரு தடவை ஹலோ சொன்னாப் போதும், பத்து வருஷம் கழிச்சுக் கூப்பிட்டாலும் ஆளைச் சொல்லிடுவேன்,” என்பது அவள் பெருமை. அப்படிப்பட்ட அம்மாவுக்கு உலகத்தில் நம்பிக்கையான ஒரே ஆள் சிக்கனச் சித்தப்பா. பரம எதிரி கறுப்புக்குடை. அவளுக்குப் பிடித்த தலைவரை அந்தக் குடை வாராவாரம் நனைத்து எடுக்கிறதே! நாலாம் பக்கத்தை முழுக்கப் படிப்பாள், வரிவரியாகத் திட்டுவாள், பிறகு நாலையும் ஐந்தையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து மூடிவிடுவாள். அந்தப் பக்கத்தின் கடைசியில் எப்போதும் வரும் ‘நனையாதவர்கள் கை தூக்குங்கள்’ என்ற வரியைக் கண்டாலே அவளுக்கு ரத்தக்கொதிப்பு.

அண்ணியைப் பற்றி அம்மாவின் கருத்து வேறு. அண்ணி அங்கே டைப் அடிக்கிறாள் என்பது அவள் முடிவு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், சித்தப்பாவின் முதல் பதிலைப் படித்துவிட்டு, “என்ன அனுபவம், என்ன நிதானம்! இப்படி ஒரு மனுஷன் நம்ம குடும்பத்துல ஒருத்தர் இருந்திருந்தா நாம எங்கேயோ போயிருப்போம்,” என்று அம்மா உருகினாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்த அண்ணி அதைக் கேட்டு மூடியவள்தான். அதற்கப்புறம் சொல்ல வழியே இல்லாமல் போய்விட்டது.

ஒருமுறை உடம்பு பிடித்துவிடும் நாற்காலி விற்க ஒருத்தன் போனில் கூப்பிட்டான். அம்மா அரைமனதாகச் சரி சொல்லிவிட்டாள். “வேண்டாம் அத்தை, ரெண்டு மாசத்துல துணி காயப்போடத்தான் ஆகும்,” என்றாள் அண்ணி. “நீ சும்மா இரு. டைப் அடிக்கறவளுக்கு நாற்காலியப் பத்தி என்ன தெரியும்?” என்றாள் அம்மா. அடுத்த வியாழக்கிழமை சித்தப்பா, ‘உட்காருகிறவருக்கு ஓய்வில்லை, நாற்காலிக்குத்தான் ஓய்வு’ என்று எழுதினார். அம்மா உடனே போன் போட்டு நாற்காலியை ரத்து செய்துவிட்டு, “பாத்தியா, சித்தப்பா சொல்றதையாவது ஒழுங்கா அடிச்சிருக்கே,” என்று அண்ணியைப் பாராட்டினாள். எங்கள் குடும்ப நிர்வாகம் பதினோரு வருஷமாக இப்படி, ஒரு வாரம் தாமதமாக, பதினோராம் பக்கம் வழியாகவே நடந்தது.

அதோடு போயிற்றா? அம்மா சித்தப்பாவுக்குக் கடிதமும் எழுதுவாள். ‘மாத்திரை வாங்கிட்டு வரேன்’ என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டிக்குப் போவாள். மாத்திரைக்கு எதற்கு அந்தச் சேலை என்று நாங்கள் கேட்க மாட்டோம். பெயர் போட மாட்டாள், ‘மனம் நொந்த ஒரு தாய்’ என்று கையெழுத்து. பரம ரகசியம். ஆனால் எழுதுவது ஓய்வு பெறும்போது வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வந்த எக்ஸ்சேஞ்ச் படிவத்தின் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் ‘அழைத்தவர் எண், நேரம், நிமிடம்’ என்று பச்சைக் கோடு போட்டிருக்கும். உலகத்தில் வேறு எந்தத் தாய் அதில் மனம் நோகப் போகிறாள்?

தெரிந்தவர் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது, ஆசிரியர் மேசைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது பத்திரிகையின் விதி. அம்மா கடிதங்கள் என்றால் அண்ணி அந்த விதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒன்று வந்தது. ‘என் மருமகள் கெட்டவள் இல்லை. ஆனால் என்னோடு உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்ததில்லை. நாள் முழுக்க வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும்தான். இது செலவு பற்றிய கேள்வி இல்லைதான், இருந்தாலும் உங்களைவிட்டால் யாரிடம் கேட்பேன்?’ அதைப் படித்தபோது அண்ணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதிலில் சித்தப்பா எழுதினார்: ‘அம்மா, தப்பு உங்கள் மருமகள் மேல்தான். அவளுக்கு நேரம் இருக்கிறது, கவனம்தான் இல்லை. நான் கண்டித்ததாகச் சொல்லுங்கள்.’

அடுத்த திங்களிலிருந்து அண்ணி கடிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றரைக்கே வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். நாலு மணிக்கு இரண்டு டம்ளர் டீ. அம்மா தெருவில் எல்லோரிடமும், “ஒரே ஒரு எழுத்து எழுதினேன், மருமக திருந்திட்டா. சித்தப்பா கைராசி அப்படி,” என்று பீற்றிக்கொண்டாள்.

இப்படியே போயிருந்தால் இதை நான் எழுத வேண்டியதில்லை. சென்ற வருஷம் மெத்தைக்கடை முதலாளி பத்திரிகையையும் வாங்கினார். பின்பக்கத்தில் வாராவாரம் மெத்தை விளம்பரம் வரவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே இதழியல் கொள்கை. கேள்வியைப் போட்டால் பதில் எழுதித் தரும் இயந்திரம் ஒன்றைக் கணினியில் கொண்டுவந்து, “முதல்ல சித்தப்பா பக்கத்துல போட்டுப் பாப்போம். மெஷினுக்கு லீவு கிடையாது, தலைவலி கிடையாது,” என்றார். பழைய இதழ்களைக் கொடுத்தால் அதுவே நடையைப் பிடித்துக்கொள்ளுமாம். சித்தப்பா எழுதியதை மட்டும் கொடுங்கள் என்று அண்ணி படித்துப் படித்துச் சொன்னாள். காற்புள்ளியோ, “எல்லாம் நீங்க எழுதினதுதானே, பிரிச்சு எதுக்கு, மொத்தமா,” என்று பதினோரு வருஷத்து நாலு பக்கங்களையும் ஒரே மூட்டையாகக் கொட்டிவிட்டார்.

அதே வாரம் அம்மாவின் பச்சைக்கோட்டுத் தாள் வந்தது. அண்ணி என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து பிரித்தாள். இரண்டு பேருமாகப் படித்தோம்.

‘எனக்கு வயது எழுபத்தொன்று. வீடு என் பெயரில் இருக்கிறது. மகனுக்கே எழுதிவிடு என்று உறவினர் சொல்கிறார்கள். மகள் புருஷனை விட்டு வந்து மாடியில் இருக்கிறாள். எழுதிக் கொடுத்துவிட்டால் என் காலத்துக்குப் பிறகு மருமகள் அவளைத் துரத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மகன் வருத்தப்படுவானோ என்றும் இருக்கிறது. என் மருமகளை நம்பலாமா? உங்கள் பதில்படி செய்வேன்.’

நான் உட்கார்ந்திருக்கும் கட்டில், அந்த ஜன்னல், கொடியில் காயும் என் துண்டு, எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது. “என்ன எழுதப் போறீங்க அண்ணி?” என்று கேட்டேன்.

அண்ணி தாளை மடித்தாள். “நான் எழுத மாட்டேன். தெரிஞ்சவங்க கடிதம். விதி இருக்கு. ஆசிரியர்கிட்டக் குடுத்துடறேன்.”

எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. “பதினாறு கடிதத்துக்கு விழுந்து விழுந்து எழுதினீங்க. பதினேழாவதுக்கு மட்டும் விதி ஞாபகம் வந்துடுச்சா? ‘துரத்த மாட்டா, நம்புங்க’ன்னு ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வரலையா?”

அவள் முகம் செத்துவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். சரி, வீடு மேல் ஆசை வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பத்து நாள் அவளோடு பேசவில்லை. கடையில், ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கே எதுவும் தெளிவாக இல்லை. போக வேண்டியிருந்தால் எங்கே போவது என்று வாடகை அறை விளம்பரங்களை மடித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த நாட்களிலும் நாலு மணி டீ மட்டும் தவறாமல் நடந்தது. நான் விடுப்பில் இருந்த அன்று மாடிப்படியில் நின்று பார்த்தேன். அண்ணி ஏதோ சொல்ல, அம்மா சிரித்தாள். எனக்கு இன்னும் எரிந்தது.

வியாழக்கிழமை. எனக்குக் கடை விடுமுறை. பத்திரிகை வந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினோராம் பக்கத்தைத் திறந்தாள். நான் கதவருகே நின்றேன். அம்மா சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

‘அன்புள்ள அம்மா, உங்கள் வீட்டில் நடப்பது கூட்டணி ஆட்சி. பதவிக்காலம் முடியும் முன்பே நாற்காலியை விட்டுக்கொடுத்த தலைவர்களின் கதி நாம் அறிந்ததே. மகளை ஒருமுறை அணைத்துவிட்டு முப்பது விநாடி கழித்து மீண்டும் இயக்கிப் பார்க்கவும். சரியாகவில்லை என்றால் புதிய மாடல் வரும்வரை பொறுத்திருக்கவும். மருமகளைப் பொறுத்தவரை, முதல் பதிப்பில் குறைகள் இருப்பது இயல்பு. விற்காத பிரதிகளை எடைக்குப் போடலாம். மகனிடம் பெரும்பான்மையை நிரூபிக்கச் சொல்லவும். மாதாமாதம் சிறு தொகை சேமிக்கவும். நனையாதவர்கள் கை தூக்குங்கள்.’

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி ஒருமுறை மனதுக்குள் படித்தாள். பிறகு நாலாம் பக்கத்துக்குப் போனாள். பத்தொன்பதுக்குப் போனாள். இருபத்தாறுக்குப் போனாள். பழைய இதழ் இரண்டை இழுத்து ஸ்டேப்ளர் பின்னைப் பிய்த்தெறிந்தாள்.

“அடப்பாவிகளா! நாலும் ஒரே குரல்டீ!” என்றாள். “இத்தனை வருஷமா சித்தப்பா பக்கத்துல உக்காந்து அந்தக் குடைக்காரன் எனக்குக் காதுல பூ சுத்தியிருக்கான். கெளம்பு. இன்னைக்கு அவனை நேர்ல பாக்காம விட மாட்டேன்.”

காற்புள்ளி அம்மாவின் கடிதத்தை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. பதினோரு வருஷம் ஒரு மனுஷரும் கண்டுபிடிக்காத உண்மையை அந்த இயந்திரம் ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, ஊருக்கே சொல்லிவிட்டது. நாலு பேரும் ஒன்று என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அதை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

மூன்று மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. “இதைப் பாக்கறது எந்தத் தண்டம்?” என்று அம்மா படியேறிக்கொண்டே கேட்டாள். உங்கள் மகன்தான் என்று நான் சொல்லவில்லை. மேலே போனபோது மெத்தைக்கடை முதலாளி, காற்புள்ளி, ஓர மேசையில் அண்ணி. எங்களைப் பார்த்ததும் அண்ணி கொண்டையிலிருந்த பென்சிலை உருவி மேசையில் வைத்தாள்.

“சித்தப்பாவைக் கூப்பிடுங்க,” என்றாள் அம்மா.

“அவர் வந்து, இப்ப, அதாவது வெளியே,” என்றார் காற்புள்ளி.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். வாசகர் தேடி வந்துவிட்டாரே! கணினியை அம்மா பக்கம் திருப்பினார். “இதுதாம்மா சித்தப்பா! நீங்களே பேசிப் பாருங்க!”

அம்மா குனிந்து, “ஹலோ,” என்றாள்.

“வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?” என்றது அது.

“நாப்பது வருஷம் இதையேதான் நானும் சொன்னேன். அதுக்காக என்னை யாரும் சித்தப்பான்னு கூப்பிடல,” என்று அம்மா நிமிர்ந்தாள். “இது நேத்து முளைச்ச சரக்கு. எனக்கு வேண்டியது பழைய ஆள். யார் அது?”

காற்புள்ளி தரையைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“நான்தான் அத்தை,” என்றாள் அண்ணி.

“நீ டைப் அடிக்கறவ.”

“ஆமா. நான் சொல்றதை நானே அடிக்கறேன்.”

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை. “எங்கே, பேசு பாப்போம்,” என்றாள். பிறகு குரலை இறக்கி, “மூணு வருஷம் முன்னாடி ஒரு கடிதம் வந்துது. ஒரு தாய் எழுதினது. டீ விஷயம். அதுக்கு அவர் என்ன பதில் சொன்னார்?”

அண்ணி கைப்பையிலிருந்து அந்தத் தடித்த ஃபிரேமை எடுத்து மாட்டினாள். தொண்டையைச் செருமினாள். “அம்மா, தப்பு உங்கள் மருமகள் மேல்தான். அவளுக்கு நேரம் இருக்கிறது, கவனம்தான் இல்லை. நான் கண்டித்ததாகச் சொல்லுங்கள்.”

அம்மா பக்கத்தில் கிடந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “எத்தனை ஆயிரம் குரல் கேட்டவ நான்,” என்றாள். “வீட்டுக்குள்ள இருந்த குரலைக் கோட்டை விட்டுட்டேனே.” அப்புறம்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. “ஐயையோ. அப்ப நான் உன்னைப் பத்தி உன்கிட்டயே கோள் சொல்லியிருக்கேன்.”

“பதினாறு தடவை, அத்தை. இதோட பதினேழு.”

“எல்லாத்துக்கும் என் பக்கமே பேசியிருக்கே.”

“எல்லாத்துக்கும் இல்ல. ஜன்னல் திரை விஷயத்துல தப்பு உங்க மேலதான்னு எழுதினேன்.”

“ஆமா. ரெண்டு நாள் சித்தப்பாவைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.” அம்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சரி. பதினேழாவதுக்குப் பதில் வரலையே. மெஷின் சொன்னதை நான் சேத்துக்க மாட்டேன். இப்பச் சொல்லு. வீட்டை யாருக்கு எழுதட்டும்?”

“அது நான் சொல்லக் கூடாது அத்தை.”

“நான் உன்னைக் கேக்கல. சித்தப்பாவைக் கேக்கறேன்.”

அண்ணி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பத்து நாளாக நான் பார்க்காத முகம். கண்ணாடிக்குள்ளே கண் இரண்டும் நிறைந்திருந்தன.

“நீங்க இருக்கற வரைக்கும் யார் பேருக்கும் மாத்தாதீங்க. உயில் மட்டும் எழுதுங்க. அதுல மொத வரியா மாடி உங்க மகளுக்குன்னு எழுதுங்க. மிச்சத்தை என்ன வேணாப் பண்ணுங்க,” என்றாள். சித்தப்பா குரல் பாதியிலேயே போய்விட்டது. “மருமகளை நம்பலாமான்னு கேட்டிருந்தீங்க. நம்புங்கன்னு நானே எப்படி எழுதுவேன்? நீங்க சித்தப்பாவை நம்பி என்னை நம்பியிருப்பீங்க. பின்னால ஒரு நாள் எழுதினது நான்தான்னு தெரிஞ்சா, ரெண்டு பேரையும் நம்ப மாட்டீங்க. யாரையும் நம்ப வேண்டாம்னுதான் சொல்றேன். எழுதி வெச்சுடுங்க. அவ யார் தயவுலயும் இருக்க வேண்டாம். என் தயவுலயும்.”

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. மெத்தைக்கடை முதலாளி, காற்புள்ளி, யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. “அண்ணி, நான் ஒரு மடச்சி,” என்று போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். பையிலிருந்த வாடகை அறை விளம்பரங்கள் கீழே சிதறின. அண்ணி அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பார்த்து, “இந்த வாடகை ரொம்ப அதிகம்டீ,” என்றாள். சித்தப்பா எங்கேயும் போகவில்லை.

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். காற்புள்ளியின் வாய் சும்மா இருந்தால்தானே? பதினோரு வருஷமாக எதையும் முடிக்காத மனுஷர், நெகிழ்ந்துபோய் அன்றைக்கு என்று பார்த்து முழு வாக்கியம் ஒன்று சொன்னார். “கறுப்புக்குடையும் இவங்கதாம்மா.”

அம்மா அழுகையை நிறுத்தினாள். நாலும் ஒரே குரல் என்று வீட்டில் கத்தியவள் அவளேதான். ஆனால் வந்த இடத்தில் சித்தப்பா கிடைத்த குஷியில் குடையை மறந்தே போயிருந்தாள். மெதுவாக அண்ணி பக்கம் திரும்பினாள்.

“எங்க தலைவரை ‘பாலமே இல்லாத ஆத்துக்குப் பாலம் திறந்தவர்’னு எழுதினது?”

“நான்தான் அத்தை.”

“பாலம் இருந்துது!”

“ஆறுதான் இல்ல, அத்தை. அதை நான் தப்பா எழுதிட்டேன். அடுத்த வாரம் திருத்தம் போட்டேனே.”

அம்மா எழுந்து விறுவிறுவென்று மூன்று மாடியும் இறங்கிப் போய்விட்டாள். சித்தப்பாவை ஐந்து நிமிஷத்தில் மன்னித்தவள், குடையை மன்னிக்கவில்லை. ஒன்பது நாள் அண்ணியோடு பேச்சு இல்லை. நாலு மணிக்கு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வாயைத் திறக்காமல் டீ குடித்தார்கள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அம்மா பச்சைக்கோட்டுத் தாளில் எழுதி டம்ளருக்கு அடியில் வைப்பாள். ‘சித்தப்பா, மின்கட்டணம் ஏன் கூடியிருக்கிறது? பதில் உடனே தேவை. குடையிடம் காட்ட வேண்டாம்.’ அண்ணி பின்பக்கத்தில் பதில் எழுதித் திருப்பி வைப்பாள்.

பத்திரிகையில் அந்த வாரம் கடிதம் வந்து குவிந்தது. பாதிப் பேர் மகளை அணைத்துப் போட்டீர்களா, என்ன ஆயிற்று என்று விசாரித்திருந்தார்கள். முதலாளி பயந்துபோய்ப் பதினோராம் பக்கத்தை அண்ணியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மெத்தை விளம்பரம் மட்டும் இப்போது இயந்திரம் எழுதுகிறது. ‘பெரும்பான்மையோடு தூங்குங்கள்’ என்று போன வாரம் போட்டிருந்தது. வியாபாரம் நன்றாகவே நடக்கிறதாம்.

பத்தாவது நாள் அம்மா நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, “மாத்திரை வாங்கிட்டு வரேன்,” என்றாள். இந்தத் தடவை என்னையும் அண்ணியையும் கூடவே இழுத்துக்கொண்டு போனாள். போன இடம் உயில் எழுதிக் கொடுப்பவரின் அறை. எல்லாவற்றையும் பச்சைக்கோட்டுத் தாளில் தயாராக எழுதி வைத்திருந்தாள். அவர் அதை வாங்கிப் படித்துக்கொண்டே வந்தார்.

“மொத வரி, மாடி முழுக்க மகளுக்கு. சரி. கீழ்த்தளம் மருமகளுக்கு. மகனுக்கு ஒண்ணும் எழுதலையேம்மா?”

“அவன் அவளோடதான் இருப்பான். அந்த மெத்தைக்கடை லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணினா மேலேயும் போய்ட்டு வரட்டும்.”

“அதுக்குக் கீழே என்னமோ எழுதியிருக்கீங்க, எனக்குப் புரியலை,” என்று அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து மெல்லப் படித்தார். “‘மேற்படி கீழ்த்தளம் என் மருமகளுக்கு, சிக்கனச் சித்தப்பா என்ற வகையில் மட்டுமே பாத்தியம். கறுப்புக்குடை என்கிற நபருக்கு இதில் எந்தப் பாத்தியதையும் கிடையாது.’ இந்தக் கறுப்புக்குடைங்கறது யாரும்மா? சொந்தமா?”

அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது.

“சொந்தம்தான்,” என்றாள் அம்மா. “ஆனா பேச்சுவார்த்தை கிடையாது. அப்படியே எழுதுங்க.”